நாற்பது கடந்த நங்கையர் நலம்

யாழ்ப்பாணத்திலாயினும் மட்டக்களப்பிலாயினும் ஒரு பெண்பிள்ளை பருவமடைந்தாளென்றால் அச்செய்தி ஒரே நாளில் உறவினர் அனைவர்க்கும் எட்டிவிடுகின்றது. தாய்மாமன் வருவார், மாமிமார் ஆலாத்தி எடுப்பர், உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துப் பிள்ளையின் உடம்பைத் தேற்றுவர். அவளே பின்னர் தாயாகும்போது காயச் சரக்கென்றும் பத்தியக் கறியென்றும் வேதுநீரென்றும் வீடே அவளைச் சுற்றி நிற்கும். ஆனால் அதே பெண் ஐம்பது வயதை அண்மி, மாதவிடாய் நிற்கும் கட்டத்தை அடையும்பொழுது, "உடம்புக்கு எப்படி?" என்று கேட்பார் ஒருவருமிலர். சடங்குமில்லை, சரக்குமில்லை, பேச்சுமில்லை. அவளும் அதனை வாய்விட்டுச் சொல்லுவதில்லை.

இம்மௌனம் ஒரு காலத்தில் அத்துணை பெரிய தீங்கை விளைவிக்காதிருந்திருக்கலாம். 1946 ஆம் ஆண்டளவில் இலங்கையிற் பிறந்த பெண்ணொருத்தியின் சராசரி ஆயுட்கால எதிர்பார்ப்பு ஏறத்தாழ 42 ஆண்டுகளே. அக்காலத்துப் பெண்கள் யாவரும் நாற்பதிலே மடிந்தனரென்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. குழந்தைப் பருவத்திலும் பிரசவத்திலும் மாண்டவர் பலராகையால் சராசரி அவ்வாறு தாழ்ந்திருந்தது. 2011-2013 ஆண்டுகளுக்கான அரசாங்கக் கணக்கீட்டிலோ அது 78.6 ஆண்டுகளாக உயர்ந்துவிட்டது. எனவே, இன்று ஐம்பது வயதிலுள்ள நம் சகோதரி ஒருத்தியின் முன்னே இன்னும் முப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அம்முப்பது ஆண்டுகளையும் அவள் தன் காலால் நடந்து கழிப்பாளா, அன்றிக் கட்டிலிற் கிடந்து கழிப்பாளா என்பதே கேள்வி.

மகப்பேற்றைப் பற்றி நம்மிடையே அறிவுக்குக் குறைவில்லை. மானிப்பாயிலிருந்து மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டது 1857 ஆம் ஆண்டிலாகும். பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தவறாது வருகிறார், எடை பார்க்கிறார், ஊசி போடுவதற்கு நாட் குறிக்கிறார். ஆனால் கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அப்போக்குவரத்து ஏறக்குறைய அறுந்துபோகின்றது. தாயின் உடம்பை எவரேனும் தொட்டுப் பார்த்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ உள.

மாதவிடாய் நிற்றல் நோயன்று. சூலகங்கள் தம் வேலையை மெல்ல மெல்லக் குறைத்து, ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும் இயற்கை நிகழ்ச்சியே அது. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நேரிடும். தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தாலன்றி அது முற்றாக நின்றுவிட்டதென வைத்தியர்கள் கொள்வதில்லை. அதற்கு முந்திய சில ஆண்டுகள்தாம் மிகுந்த தொல்லை தருவன. மாதவிடாய் சில வேளை முந்தும், சில வேளை பிந்தும்; திடீரென மார்பிலிருந்து முகம்வரை தீப்பற்றியது போன்ற வெப்பம் பரவும்; நள்ளிரவில் வியர்த்து விறுவிறுத்து விழிப்பு வரும்; மூட்டுகள் நோகும்; காரணமின்றி அழுகையும் சினமும் உண்டாகும். ஈஸ்திரசன் குறையும்போது மூளையில் உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி, சிறிய மாற்றத்தையும் பெரிதென எண்ணி வியர்வையை வரவழைத்து விடுகின்றது. அவ்வளவே இதன் மருமம்.

இதனை அறியாத கணவன்மார், "இவளுக்கு இப்போது எதற்கெடுத்தாலும் கோபம்" என்று நொந்துகொள்கின்றனர். மூன்று மாதமாக ஒழுங்காக உறக்கமில்லாத ஒருவர் புன்னகையோடு தேநீர் கொண்டுவந்து கொடுத்தல் வேண்டுமென எதிர்பார்ப்பது நீதியாகுமா என்பதை அவர்களே சிந்திப்பாராக.

தொல்லை மிகுந்தவர்களுக்கு ஓமோன் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்து, இச்சிகிச்சையினால் மார்பகப் புற்றுநோயும் இருதய நோயும் பெருகுமென்ற பேரச்சத்தை உலகெங்கும் விதைத்தது. அவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கத் தவறினர். வயது அறுபதுக்குட்பட்டவராய், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேற்படாதவராய், மார்பகப் புற்றுநோயோ குருதிக் கட்டியோ முன்னர் வந்திராதவராய் உள்ள பெண்களுக்கு இச்சிகிச்சையால் வரும் நன்மை, தீமையிலும் பார்க்கப் பொதுவாக மிகுதி என்பதே இன்றைய மருத்துவர்களின் கருத்து. ஆனால் அதனை அயலவர் சொற்கேட்டுக் கடையில் வாங்கி உண்ணலாகாது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்திரசனைத் தனியே கொடுத்தல் தகாது. உடன் வேறோர் ஓமோனும் சேர்த்தல் வேண்டும். இவற்றை முடிவு செய்யவேண்டியவர் வைத்தியரே.

இனி, இக்கட்டுரையில் வேறொன்றையும் நினைவில் வையாவிடினும் இதை மட்டும் வாசகியர் நினைவில் வைத்தல் வேண்டுமென்று யாம் விரும்பும் செய்தி ஒன்றுண்டு. மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கழிந்த பின்னர், ஒரு துளி இரத்தம் காணினும் அதனை இயற்கையென்று இருந்துவிடலாகாது. "திரும்பவும் இளமை வந்துவிட்டது" என்று நகைச்சுவை பேசி அதனை மறைத்துவிடும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. இவ்வாறு இரத்தம் காணும் பெண்களிற் பெரும்பாலாருக்குச் சிறு காரணமே இருக்கும். எனினும் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அக்கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையினால் முற்றாகக் குணமாகுவோரே மிகப் பலர். ஆறு மாதம் மறைத்து வைத்தபின் வருவோரின் நிலை அவ்வாறன்று.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் கதை வேறு. இது திடீரென வருவதன்று. பப்பிலோமா என்னும் வைரசு வகை கருப்பைக் கழுத்திலே நெடுங்காலம் தங்கி, அங்குள்ள கலங்களை மெல்ல மாற்றி, பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பின்னரே புற்றுநோயாக முதிர்கின்றது. இவ்வுண்மையை நிலைநாட்டிய ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. இத்துணை நீண்ட கால அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் சிலவே. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தும் வழியைக் கண்டவரோ அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர்.

கிரேக்க நாட்டில் 1883 ஆம் ஆண்டிற் பிறந்த ஜோர்ஜ் பப்பனிக்கலோ என்பவர் 1913 இல் நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்து, ஆய்வுகூடமொன்றிலே கினிப் பன்றிகளைக் கொண்டு ஆராய்ச்சி செய்துவந்தார். அவருடைய மனைவியும் அவருக்குத் துணையாக அங்கே பணிபுரிந்தவர். மனிதப் பெண்களிலும் இதனை ஆராயவேண்டுமென்ற எண்ணம் எழுந்தபோது, பல ஆண்டுகள் தம் உடலிலிருந்தே மாதிரிகள் எடுக்க இடங்கொடுத்தவர் அவ்வம்மையாரே. யோனியிலிருந்து எடுத்த கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கினாற் புற்றுநோயைக் கண்டறியலாமென்று பப்பனிக்கலோ 1928 இல் அறிவித்தபொழுது மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. பதினைந்தாண்டுகள் காத்திருந்து, 1943 இல் ஹேபேட் ட்ராவுட் என்பாருடன் சேர்ந்து நூல் வெளியிட்ட பின்னரே உலகம் செவிசாய்த்தது. அவர் 1962 இற் காலமானார். அவர் பெயரின் முதற் பகுதியே இன்று நம் ஊர்க் கிளினிக்குகளில் "பப் பரிசோதனை" என்று வழங்குகின்றது. கணவனின் பெயர் நிலைத்தது. நாள்தோறும் மேசையில் ஏறிப் படுத்த மனைவியின் பெயரை அறிந்தவர் சிலரே. அவர் பெயர் அந்திரோமாக்கி.

நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டு தொடக்கம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், பெண்களுக்கென்றே தனிக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. "வெல் வுமன் கிளினிக்" என்று பலரும், சிங்களத்திலே "சுவ நாரி" என்றும் கூறுவர். நோயாளிகளுக்குரிய இடமன்று அது. நோயில்லாதவர்கள் நோய் வராதிருக்கும்படி செல்லும் இடம். அங்கே குருதி அமுக்கம் பார்க்கிறார்கள், நீரிழிவு உண்டோவென்று சோதிக்கிறார்கள், மார்பகத்தைப் பரிசோதிக்கிறார்கள், பப் பரிசோதனை செய்கிறார்கள். கட்டணம் ஒரு சதமேனும் இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் பப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டுமென்பது அரசாங்கத்தின் திட்டம். சில இடங்களில் வைரசையே நேராகக் கண்டறியும் புதிய பரிசோதனையும் நடைமுறைக்கு வந்துள்ளது.

இருந்தும் பலர் செல்லாததற்குக் காரணம் நாணமே. பரிசோதனை சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மறைவான அறையிலேயே நடக்கும். சிறிது அசௌகரியமிருக்குமேயன்றிப் பெருநோவு இராது. இன்னுமொரு தடையும் உண்டு. "வைரசினால் வருவது" என்றவுடன் ஒழுக்கத்தைப் பற்றிய ஐயம் பிறக்குமோ என்று அஞ்சுகின்றனர். இவ்வைரசு மிகப் பரவலானது. இல்லறத்தில் உள்ளோரிற் பெரும்பாலாருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் தொற்றி, தானே அகன்றுவிடுவது. அதனை வைத்து எப்பெண்ணையும் குறை சொல்லுவது அறியாமையாகும். விதவைகளாய்த் தனித்து வாழும் சகோதரிகள், "இனி எனக்கெதற்கு?" என்று நினைப்பதும் தவறே. இருபது ஆண்டுகளுக்கு முன் தொற்றிய வைரசு இன்று வேலை செய்யக்கூடும்.

பேத்திமாரை உடைய வாசகியருக்கு ஒரு குறிப்பு: 2017 ஆம் ஆண்டு முதல் ஆறாந் தரத்திற் கற்கும் மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரு தடவை பாடசாலையிலேயே போடப்படுகின்றது. பாடசாலையிலிருந்து சம்மதக் கடிதம் வந்தால் மறுக்காதீர்கள்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். மாதத்திற்கொருமுறை தம் மார்பகத்தைத் தாமே நோக்கியும் தடவியும் அறிந்துகொள்வது நல்ல பழக்கம். மாதவிடாய் உள்ளவர்கள் அது முடிந்த சில நாட்களிலும், நின்றவர்கள் மாதத்தில் ஒரு குறித்த நாளிலும் செய்யலாம். பௌர்ணமி நாளென்று வைத்துக்கொண்டால் மறக்கமாட்டாது. கண்ணாடியின் முன் நின்று, தோலிற் குழிவோ சுருக்கமோ, முலைக்காம்பு உள்ளே இழுபட்டிருத்தலோ, இரத்தக் கசிவோ உண்டோவெனப் பார்த்தல் வேண்டும். பின்னர் விரல்களின் உட்பக்கத்தால் அக்குள்வரை தடவிப் பார்க்கலாம். காணப்படும் கட்டிகளுள் மிகப் பல தீங்கற்றவை. ஆயினும் "நோகவில்லையே, ஆகையால் ஒன்றுமில்லை" என்று முடிவு செய்வதுதான் பலரைக் கெடுக்கின்றது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. வடக்கிலுள்ளோர் மகரகமவுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கவேண்டியிருந்த காலம் மாறி, தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் அமைந்துள்ளமை நம்மவர் அறிந்ததே.

புற்றுநோயைக் கண்டு அஞ்சுமளவுக்கு நம் பெண்கள் இருதய நோயைக் கண்டு அஞ்சுவதில்லை. மாரடைப்பு ஆண்களின் நோய் என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. மாதவிடாய் உள்ள காலத்தில் ஈஸ்திரசன் குருதிக் குழாய்களுக்கு ஓரளவு காவலாக நிற்கிறது. அக்காவல் நீங்கியபின் பெண்ணும் ஆணும் மெல்ல மெல்ல ஒரே நிலையை அடைகின்றனர். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிளப்பதுபோன்ற வலி இல்லாமலே மூச்சுத் திணறல், தாடை நோ, முதுகு நோ, குமட்டல், காரணமற்ற பெருங் களைப்பு என வருவதுண்டு. "வாயு பிடித்துவிட்டது" என்று பெருங்காயமும் இஞ்சியும் இடித்துக் கொடுத்து விடியும்வரை வைத்திருந்து இழந்த தாய்மார் கதை எவ்வூரிலும் கேட்கலாம்.

குருதி அமுக்கம் 140க்கு 90 என்ற அளவைத் தொட்டும் தாண்டியும் நின்றால் கவனிக்கவேண்டும். வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் வெல்லத்தின் அளவு 100 முதல் 125 மில்லிகிராம் வரையிலிருந்தால் அது எச்சரிக்கை; 126 அல்லது அதற்கு மேலென்று மறுமுறையும் காணின் அது நீரிழிவு. கருவுற்றிருந்த காலத்திற் சலரோகம் கண்டு, பிள்ளை பிறந்தபின் மாறிவிட்டதென்று நிம்மதி கொண்டிருப்பவர்கள் சிறப்பாக எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றோரிலும் பல மடங்கு அதிகம். 35 வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் இவற்றைச் சோதித்துக்கொள்ள 2011 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் உள்ளன.

என்புகளின் தேய்வு ஓசையின்றி நிகழ்வது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் என்பின் அடர்த்தி மிக விரைவாகக் குறைகின்றது. ஐந்தில் ஒரு பங்குவரை இழப்போரும் உளர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிவதே முதல் அறிகுறியாகலாம். பின்னர் முள்ளந்தண்டு நெரிந்து கூன் விழும். எழுபதில் இடுப்பென்பு முறிந்தால் மீண்டெழுவது அரிது. இதற்குச் செய்யவேண்டியன மாத்திரையிலன்றி முற்றத்திலும் அடுக்களையிலும் தொடங்குகின்றன. நாளொன்றுக்கு அரை மணி நேரம் விரைந்த நடை, காலையிளவெயில், கல்சியம் உள்ள உணவு. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராமளவே. எள்ளுருண்டையும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும், தயிரும், கீரைகளும் நம் வீடுகளுக்குப் புதியனவல்ல. அவற்றை யார் உண்கின்றார் என்பதே வினா. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் சட்டியிலெஞ்சிய குழம்பையும் சோற்றையும் உண்டு எழும் தாய்க்கு மீனின் நடுத்துண்டம் என்றாவது கிடைத்ததுண்டா? சோற்றைக் குறைத்துக் கறியையும் கீரையையும் கூட்டுவதும், ஒரு நாளைக்கு உப்பை 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடக்குவதும் நன்று. ஊறுகாயும் மோர்மிளகாயும் கருவாடும் ஒரே நேரத்தில் இலையிலிருந்தால் அவ்வளவு அங்கேயே தீர்ந்துவிடும்.

பேசுதற்கு நாணும் நோய் வேறொன்று உண்டு. பல பிள்ளைகளைப் பெற்றோருக்கும், பாரம் சுமந்தோருக்கும், இருமல் நீடித்தோருக்கும் கருப்பையைத் தாங்கும் தசைகள் தளர்ந்து, அது கீழிறங்கி வருவதுண்டு. இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிவதும் உண்டு. இதனாற் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாமலே ஒதுங்கிவிட்ட பெண்கள் நம்மிடையே பலர். அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948 இல் எடுத்துரைத்த எளிய பயிற்சி ஒன்று இன்றும் முதற் சிகிச்சையாக விளங்குகின்றது. சிறுநீரை அடக்குவதுபோல அத்தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பின் தளர்த்துதல் வேண்டும். ஒரு முறைக்குப் பத்துத் தடவையாக நாளுக்கு மூன்று முறை, மூன்று மாதமேனும் செய்தாற் பயன் தெரியும். அரிசி புடைக்கும்போதும் செய்யலாம், அருகிலிருப்பவருக்கும் தெரியாது. இதற்கு மிஞ்சியதாயின் வளையம் பொருத்தியும் சத்திரசிகிச்சை செய்தும் வைத்தியர் சீராக்குவர்.

மலையகத்துத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் சகோதரிகளும், ஏனைய இடங்களிலுள்ள மூதாட்டியரும் வெற்றிலையை விட்டிருக்கமாட்டார். புகையிலைதான் தீது, பாக்கு நல்லதென்று எண்ணுவோர் பலர். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கவல்லதென்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் அறுதியிட்டுக் கூறிவிட்டது. வாயில் வெள்ளைத் தழும்போ செந்தழும்போ மூன்று வாரத்துக்கு மேல் ஆறாதிருந்தாலும், வாயை அகலத் திறக்க முடியாது போனாலும் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு பெண் தனித்து நின்று செய்வது கடினம். கனடாவிற் பிறந்து, தமிழரொருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டு 1962 இல் மறைந்த டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார் 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கியபோது கண்டுகொண்ட உண்மை இதுவே. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடினால், தனியே செல்ல அஞ்சும் இடத்துக்கும் துணிந்து செல்வர். இன்றுள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, தம் அங்கத்தவரிற் பத்துப் பேரையாவது ஒரே வாகனத்தில் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லலாம். கூட்டத்தின் அறிக்கை வாசிப்பதிலும் இது பயனுடையது.

செல்வோர் கவனிக்கவேண்டியன சில. கிளினிக் நடைபெறும் கிழமையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். மாதவிடாய் நாட்களிற் பப் பரிசோதனை செய்யமாட்டார்கள். முதல் இரண்டு நாட்களில் உள்மருந்து எதுவும் வையாமலும், இல்லற உறவைத் தவிர்த்தும் இருத்தல் வேண்டும். உண்ணும் மாத்திரைகளின் உறைகளையும் பழைய கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுதல் நன்று. பரிசோதனையின் முடிவு வரச் சில வாரங்களாகும். முடிவு வரவில்லையென்றால் எல்லாம் நலமென்று கருதிவிடாமல், அதே பணிமனைக்கு மீண்டும் சென்று, தம் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.